உறைக்குச் சித்திரம் எழுதுமுன்

எங்கள் தெருவில் வீட்டோடு இட்லிப் பொடி இடித்து அக்கம்பக்கத்தாருக்கு விற்றுவந்த ஓர் அம்மாள், அதற்கு ஒரு பெயர் சூட்டிக் கடைகளுக்கு அனுப்புவதென்று நிச்சயித்து, சிவப்புப் பின்னணியில் குத்துவிளக்கும் தாமரையும் துலங்கும் சித்திரம் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணா, கவருக்கு இது எடுப்பாக இருக்குமா?" என்று கேட்டார். படம் அழகாகவே இருந்தது. "பொடி கொண்டுவந்திருக்கிறீர்களா, அம்மா?" என்றேன். அவர் பையிலிருந்து எடுத்த காகிதப் பொட்டலத்தின் அடியில், எள்ளெண்ணெய் ஊறி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறை படர்ந்திருந்தது. படத்தைப் பற்றிய பேச்சை அந்தக் கறை ஒத்திப்போட்டுவிட்டது.

பண்டம் எண்ணெய் கசியுமா, ஈரத்தை இழுக்குமா, வெளிச்சம் பட்டால் மணம் குன்றுமா, பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கப்போகிறதா அல்லது பெரிய கடையின் அலமாரியில் நிமிர்ந்து நிற்கப்போகிறதா, வாங்குகிறவர் ஒரே வேளையில் தீர்ப்பாரா அல்லது மாதக்கணக்கில் திறந்து மூடுவாரா என்பவற்றுக்கெல்லாம் விடை தெரிந்த பிறகே ஓவியருக்கு வேலை வருகிறது. சரமாகத் தொங்கும் உறையென்றால் தாமரையின் தலையில் துளை விழும்; ஓவியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இவ்விஷயத்தில் நான் மிகவும் வியப்பது ஒரு பழைய அமெரிக்க விருத்தாந்தத்தை. போலிச் சரக்குகளால் தொல்லையுற்ற கோக்க-கோலா வர்த்தகர்கள், இருட்டில் கையால் தடவினாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் இன்னதென்று தெரியும் ஒரு புட்டி வேண்டுமென்று 1915இல் கண்ணாடித் தொழிற்சாலைகளிடம் கேட்டார்கள். வர்ணத்தையோ சித்திரத்தையோ பற்றி அந்த வாசகம் பேசவில்லை. ஆனாலும் பாதி வேலையை அதுவே முடித்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். இண்டியானா மாகாணத்து டெர்ரே ஹோட் நகரில் ரூட் கண்ணாடிக் கம்பெனியைச் சேர்ந்த ஏர்ல் டீன், கலைக்களஞ்சியத்தில் கண்ட கொக்கோக் காயின் படத்திலிருந்து வரிவரியான உருவத்தை எடுத்துக்கொண்டார். கோக்க-கோலாவுக்கும் கொக்கோவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது வேடிக்கை. முதலில் செய்த புட்டி, அடியைவிட வயிறு பருத்திருந்தமையால், நிரப்பும் இயந்திரத்தின் ஓட்டத்தில் நிலைகொள்ளவில்லை. இடையைச் சுருக்கிய பின்பே உபயோகத்துக்கு வந்தது.

அம்மாளின் உறைக்கோ வேறொரு நெருக்கடியும் இருந்தது. தயாரிப்பவர் பெயரும் விலாசமும், நிகர எடை, தயாரித்த மாதமும் வருஷமும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, குறை சொல்ல வேண்டியவர் தொடர்புகொள்ளும் எண் ஆகியவற்றை 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பண்ட விதிகள் கேட்கின்றன. உணவுப் பொருளென்றால் எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்திய சேர்மானங்கள், உணவுத் துறையின் 14 இலக்க எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் ஆகியனவும் சேரும். பெரிய கடைகளுக்கு அனுப்புவதானால் பார்கோடும் அவசியம். அதன் இருபுறமும் வெற்றிடம் விடவேண்டும். அழகுக்காக அதன் கோடுகளைச் சிவப்பில் அச்சிட்டால், சிவப்பொளியால் படிக்கும் கருவிக்கு அவை இல்லாதவையே. இத்தனையும் குடியேறியபின் மிஞ்சும் இடமே ஓவியருடையது. அச்சகத்தாரோ, வெட்டும் கோட்டுக்கு அப்பாலும் 3 மில்லிமீட்டர் வர்ணம் நீண்டிருக்க வேண்டும் என்பார்கள். இல்லாவிடில் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும்.

இவற்றையெல்லாம் கேட்ட அம்மாள், சித்திரத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, "அப்படியானால் முதலில் என்ன செய்யட்டும், அண்ணா?" என்றார். எழுத்தோ படமோ இல்லாத மூன்று வகை உறைகளில் பொடியை நிரப்பி அடுப்பங்கரை அலமாரியில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு மாதம் ஆகிறது. இரண்டில் கறை தெரிகிறது. மூன்றாவது இன்னும் சுத்தமாக இருக்கிறது.