மழலை இட்ட பெயர்



நீண்ட பிரித்தல் கணக்கைப் பார்த்து, "உம்மா, இது கோச்சிக் கணக்கு!" என்று உங்கள் பிள்ளை சிரித்தால் என்ன செய்வீர்கள்? "பகிடியை விட்டுவிட்டுப் படி" என்று அதட்டுவீர்கள், அல்லவா?

சற்றுப் பொறுங்கள். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் கஸ்னர், 1இன் பின்னால் 100 பூச்சியங்கள் வரும் எண்ணுக்குப் பெயர் வைக்கும்படி தமது 9 வயது மருமகன் மில்டன் சிரோட்டாவிடம் கேட்டார். "கூகோல்" என்றான் சிறுவன். அதைவிடப் பெரியதற்கு "கூகோல்பிளெக்ஸ்" என்றான். 1 எழுதி, களைத்துப் போகும்வரை பூச்சியம் போடவேண்டுமாம்! அப்படியானால் களைக்காத குத்துச்சண்டை வீரர் ஐன்ஸ்டைனை மிஞ்சிவிடுவாரே! ஆகவே, கூகோல் எண்ணிக்கையான பூச்சியங்கள் என்று அது வரையறுக்கப்பட்டது.

1940இல் ஜேம்ஸ் நியூமனுடன் கஸ்னர் எழுதிய நூலில் இரண்டு பெயர்களும் இடம்பெற்றன. 1998இல் உருவான கூகுள் நிறுவனத்தின் பெயரும் இச்சொல்லின் எழுத்து மாறிய வடிவமே.

அன்று மாமா அதட்டியிருந்தால் அச்சொல் பிறந்திருக்குமா?

சகோதரிகளே, கணக்கைக் கண்டு நடுங்கும் பிள்ளை அதற்குப் பெயர் சூட்டி விளையாடாது. விளையாடும் பிள்ளையை நடுங்க வைத்துவிடாதீர்கள். "கோச்சிக்கு எத்தனை பெட்டி?" என்று நீங்களும் அருகில் அமர்ந்து கேளுங்கள்.