பனவடலிசத்திரத்துக் கரிசல், எரிமலை தந்த மண்ணா?

‘கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து உருவானது.’ பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த பாடம் இது. அப்படியென்றால் பனவடலிசத்திரம், சங்கரன்கோவில், கோவில்பட்டி வட்டாரக் கரிசலுக்கு அடியிலும் எரிமலை இருந்ததா? இனி வெடிக்குமா?

இரண்டுக்கும் பதில், இல்லை!

மகாராஷ்டிரத்துக் கரிசல் எரிமலைப் பாறையின் பிள்ளை. தென் தமிழகக் கரிசல் அப்படியல்ல. இங்குள்ள பல கோடி ஆண்டுப் பழைய ‘நைஸ்’ வகைப் பாறைகள், வறண்ட வெயிலிலும் மழையிலும் மெல்லச் சிதைந்து உருவான மண் இது.

எரிமலை எங்கே போனது?

பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடங்களை ‘வெப்பப் புள்ளி’ என்கிறார்கள். அது ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அதன் மேல் நிலத்தட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். தோசைக்கல் நகர, அடுப்பு அங்கேயே எரிவது போல!

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அப்படியொரு புள்ளியைக் கடந்தபோது கொட்டிய குழம்புதான் தக்காண எரிமலைப் பாறைப் பரப்பு. இன்று மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். அதே புள்ளிதான் இப்போது இந்தியப் பெருங்கடலில், நம் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் ரீயூனியன் தீவில் எரிகிறது. அங்குள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை அடிக்கடி குமுறும். நமக்கும் அதற்கும் இடையே சுமார் 4,000 கி.மீ!

காலடியில் எவ்வளவு கனம்?

நம் காலுக்குக் கீழே முதலில் மேலோடு. தென்னிந்தியாவில் சுமார் 40 கி.மீ. அதையும் அடியிலுள்ள கெட்டியான பாறையையும் சேர்த்துக் ‘கற்கோளம்’ என்பார்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து முற்றலா என்று சொல்வதுபோல, நிலநடுக்க அலைகளை வைத்து இதை அளக்கிறார்கள்.

ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் ஜெர்மனி விஞ்ஞானிகளும் 2007-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் கற்கோளம் சுமார் 100 கி.மீ.தான் என்றது. நம்மோடு ஒட்டியிருந்து பிரிந்த ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகாவில் அது 180 முதல் 300 கி.மீ. வரை! வெப்பப் புள்ளி அடியை உருக்கிக் கரைத்ததால்தான் இந்தியா இலேசாகி, ஆண்டுக்கு 18-20 செ.மீ. வேகத்தில் வடக்கே ஓடியது என்பது அவர்கள் விளக்கம். வேறு முறையில் அளந்தவர்கள், சில பகுதிகளில் இன்னும் கனம் அதிகம் என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அது இறுகிக் குளிர்ந்த பாறை.

அபிஷேகப்பட்டியில் நடந்தது என்ன?

1998-ல் நெல்லை அருகே அபிஷேகப்பட்டியில் தரை உருகிக் குழம்பாக வந்தபோது, ‘எரிமலை’ என்று ஊரே பேசியது. கூடங்குளம் விவாதம் வரை அந்தப் பேச்சு போனது. மின்கம்பியிலிருந்து தரையில் பாய்ந்த மின்சாரம் மண்ணை உருக்கியதே காரணம் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள்.

ஆகவே கம்பத்தடியில் தரை புகைந்தால், எரிமலை என்று வீடியோ எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் தள்ளி நிறுத்திவிட்டு, மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஆழத்தை விட, தலைக்கு மேலே போகும் கம்பியில்தான் ஆபத்து அதிகம்!