கை ஊன்றாமல் எழுந்திருங்கள்!

கோயில் அன்னதானக் கூடத்தில் பந்தி முடியும் நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இலையை மடித்ததும் பிள்ளைகள் துள்ளி எழுந்து கை கழுவ ஓடிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பலர் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று முதலில் பார்ப்பார்கள். தூண் பக்கத்தில் இருந்தால் தூண், இல்லாவிட்டால் அருகில் இருப்பவர் தோள். இரண்டும் இல்லையென்றால் ஒருக்களித்து, இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு முட்டியை மடக்கி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். இவர்களில் பெரும்பாலானோர் நோயாளிகள் அல்ல. அலுவலகம் போகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், காலையில் நடைப்பயிற்சிகூடச் செய்கிறார்கள். தொடையிலும் இடுப்பிலும் பலம் இல்லை, அவ்வளவுதான்.

முப்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தாத உடம்பில் பத்து ஆண்டுகளுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. எடை பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டிக்கொடுக்காது. தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுவதால், "கல்யாணம் ஆனப்போ இருந்த அதே எடைதான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே பலர் பலம் இழக்கிறார்கள். மாடிப்படியில் கைப்பிடியைத் தேடும்போது, பேருந்தின் உயரமான முதல் படியில் கால் தயங்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. கடைசியில் அது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் போய் நிற்கிறது.

நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே நடைதான். டாக்டர் சொல்வதும் அது, பூங்காவில் பார்ப்பதும் அது. நடை இதயத்துக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. அதை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், கரையும் தசையை நிறுத்தி வைக்க அது போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்ற பாதி நம்மிடையே நன்றாகப் பரவிவிட்டது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் எல்லா முக்கியத் தசைகளுக்கும் பலப்பயிற்சி கொடுங்கள் என்ற மறுபாதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியையும் சேர்த்து வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல்.

"வீட்டு வேலையே போதும், தனியா எதுக்குப் பயிற்சி?" என்று பெண்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஆனால் கிணற்றில் நீர் இறைத்ததும், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியதும், இடுப்பில் குடம் சுமந்ததும் தந்த பலத்தை மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் தருவதில்லை. அந்தக் கஷ்டம் திரும்ப வர வேண்டாம். இப்போதைய வீட்டு வேலையில் அலுப்பு மிஞ்சுகிறது, பலம் ஏறுவதில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய்க்கும் தசைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இன்டியாப்’ ஆய்வு மதிப்பிட்டது. சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய ஆய்வு அது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரை போக இடமில்லாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. அதோடு, வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

பலப்பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. நம் தேகப்பயிற்சிக் கூடங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தவை தண்டாலும் பஸ்கியும்தான். காமா பயில்வானின் பயிற்சிக்கு அடித்தளமும் அவைதான். 1928-ல், ஐம்பதை நெருங்கும் வயதில், போலந்து மல்யுத்த வீரர் ஜிபிஸ்கோவைப் பாட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தியவர் அவர். நமக்கு அத்தனை பலம் வேண்டாம். தரையிலிருந்து தானாக எழவும், பேரப்பிள்ளையைத் தூக்கவும், அரிசி மூட்டையை நகர்த்தவும் முடிந்தால் போதும்.

பஸ்கியை ஒரு நாற்காலியிலிருந்து தொடங்கலாம். சக்கரம் வைத்ததோ, பிளாஸ்டிக்கோ வேண்டாம்; கனமான மர நாற்காலி. நகராமலிருக்க சுவரை ஒட்டிப் போடுங்கள். நுனிப்பக்கமாக உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முட்டிக்குச் சற்றே பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். பலரும் தவறவிடுவது இந்தச் சாய்வைத்தான். நிமிர்ந்தபடியே எழ முயன்றால் பாரம் முழுவதும் முட்டியில் இறங்கும். குதிகாலை அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து நில்லுங்கள். பிறகு உட்காருவதில்தான் பாதிப் பலன். தொப்பென்று விழாமல், மனசுக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள். முட்டிகள் உட்பக்கம் மடியாமல், பாதம் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும்.

முப்பது நொடியில் இப்படி எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதியோர் மருத்துவத்தில் கால் பலத்தை அளக்கும் சோதனையே இதுதான். அறுபதிலிருந்து அறுபத்து நான்கு வயதுக்குள், ஆண்கள் 14-க்கும் பெண்கள் 12-க்கும் கீழே நின்றுவிட்டால் சராசரிக்குக் குறைவு. நாற்பது வயதில் அந்த எண்ணிக்கை வரவில்லை என்றால் இன்றே தொடங்கிவிட வேண்டும்.

எழவே சிரமமாக இருந்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எளிதாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் எளிதானால் தாழ்வான ஸ்டூல், பிறகு எதுவுமே இல்லாமல் முழு பஸ்கி. தோப்புக்கரணம் போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வேகமாகப் போட்டு முடிக்காமல் நிதானமாக இறங்கி ஏறினால் அருமையான கால் பயிற்சி அது. உட்கார்ந்து எழுந்தால் முட்டி தேய்ந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கே தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைத்தான் மருத்துவர்கள் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறார்கள். வலி வராத உயரத்தில் தொடங்க வேண்டும்.

கைக்கும் மார்புக்கும் தண்டால். நேராகத் தரைக்குப் போக வேண்டாம். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் ஊன்றி, மார்பு சுவரை நெருங்கும்வரை முழங்கையை மடக்கி நீட்டுங்கள். தலையிலிருந்து குதிகால்வரை உடம்பு ஒரே கோடாக இருக்கட்டும். சில வாரங்களில் சுவருக்குப் பதில் சமையல் மேடை. அதற்குப் பிறகு கட்டில் விளிம்பு. கடைசியில்தான் தரை. முறையாகப் போனால் ஐம்பது வயதுப் பெண்ணும் தரையில் தண்டால் எடுக்க முடியும்.

தள்ளும் பயிற்சி எளிது. இழுக்கும் பயிற்சிக்குத்தான் வீட்டில் வழி தேட வேண்டியிருக்கிறது. முதுகு கூன் விழாமல் இருக்க அது அவசியம். கட்டைப் பையில் ஐந்து கிலோ அரிசியோ தண்ணீர் பாட்டில்களோ போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையை மேஜையில் ஊன்றி, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து, மறு கையால் பையை விலாப்பக்கம் இழுத்து இறக்குங்கள். அதே போல் இரண்டு பைகளை இரு கைகளிலும் தொங்கவிட்டு, நிமிர்ந்தபடி மொட்டை மாடியில் நான்கு சுற்று நடந்தால் கைப்பிடியின் பலம் கூடும். கைப்பிடியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2015-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், கைப்பிடி பலம் 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் மரண அபாயம் சுமார் 16 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. உடம்பு முழுவதிலும் எவ்வளவு பலம் மிச்சம் என்பதைக் கை காட்டிவிடுகிறது.

இடுப்புக்கு, பாயில் மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கிப் பாதம் ஊன்றி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி இறக்குவது. கெண்டைக்காலுக்கு, சுவரைத் தொட்டபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது தடுமாற்றத்துக்கு மருந்து; வாஷ்பேசின் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த பாவனையில் சிறிது நேரம் நிற்கும் பயிற்சியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறியலாம். அசையாமல் தசையை இறுக்கி நிற்கும் இவ்வகைப் பயிற்சிகள் கொதிப்பைக் குறைப்பதில் முதலிடம் பெற்றதாக, 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான ஓர் அலசல் கூறியது. மாத்திரையை நிறுத்த அது அனுமதி ஆகாது. நிற்கும்போது மூச்சை அடக்கவும் கூடாது. அடக்கினால் கொதிப்பு சட்டென ஏறும்.

எவ்வளவு செய்வது? ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, சற்று இளைப்பாறி மறுபடி ஒரு சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டே முடிய வேண்டும். பேசிக்கொண்டே பன்னிரண்டையும் முடித்தால் பாரம் போதவில்லை என்று பொருள். அடுத்த வாரம் கூட்டிவிடுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. மொத்தமாக இருபது நிமிடம். தினமும் செய்தே தீர வேண்டும் என்று கிளம்புகிறவர்கள்தான் பத்தே நாளில் விட்டுவிடுகிறார்கள்.

வயசாகிவிட்டது, இனி என்ன என்று நினைப்பவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயதுவரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கான எடைப் பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர். முடிவு 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதுத் தசையும் கேட்டால் வளரும் என்று காட்டிய அந்த ஆய்வை, வீட்டில் பெரியவர்கள் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பயிற்சி செய்தும் தட்டில் புரதம் இல்லாவிட்டால் தசைக்கு மூலப்பொருள் இருக்காது. இந்தியருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆரின் பரிந்துரை. அறுபது கிலோ எடைக்கு ஐம்பது கிராம். காலையில் மூன்று இட்லி தேங்காய்ச் சட்னி, மதியம் குவியல் சோறும் நீர்த்த சாம்பாரும், இரவு மறுபடி தோசை என்றால் அந்த ஐம்பதை எட்டுவது கடினம். விலை உயர்ந்த பவுடர் எதுவும் வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் வரை. நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். சைவக்காரர்கள் சாம்பாரில் பருப்பை இரட்டிப்பாக்கலாம், மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் வைக்கலாம், சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் கூட்டையும் தயிரையும் கூட்டலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன் உட்காராமல் பத்து நிமிடம் தெருவில் நடந்தால் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தசை தன்னைச் சரிசெய்துகொள்ள அது உதவும்.

நம் வீடுகளில் அன்பினாலேயே நடக்கும் ஒரு கெடுதலையும் சொல்ல வேண்டும். "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று தண்ணீர்ச் செம்புவரை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அப்பா கடைக்குக் கிளம்பினால் தடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் அவர்கள் எழுந்திருக்கும் ஒரு வாய்ப்பை நாமே பறித்துவிடுகிறோம். தண்ணீரை அவர்களே எழுந்து எடுக்கட்டும். விழுந்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். நாற்காலிப் பயிற்சியை அவர்களோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வருகிறவர்கள், இதயச் சிகிச்சை எடுத்தவர்கள், எலும்பு மெலிந்து ஏற்கெனவே முறிவு கண்டவர்கள், சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்யாமல், கைவசம் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்வது நல்லது. மறுநாள் தசையில் வரும் மந்தமான வலி இயல்பானது, சில நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துவது போல் வலித்தால் அந்தப் பயிற்சியை அத்தோடு நிறுத்தி, உயரத்தைக் கூட்டியோ பாரத்தைக் குறைத்தோ மறுபடி பாருங்கள். அப்போதும் வலித்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்விடுங்கள்.