கரடி வந்தால் மரத்தில் ஏறாதீர்கள்!

ஒரகடம் பக்கம் சேர்ந்தாற்போல மூணு நாள் லீவு விட்டால் போதும்... நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு, பரோட்டா பார்சல் சகிதம் வேனில் நீலகிரிக்குக் கிளம்பிவிடும் எங்கள் பேச்சிலர் பட்டாளம். ஊட்டியில் கூட்டம் என்று இப்போதெல்லாம் கோத்தகிரிதான். தேயிலைத் தோட்டத்து நடுவில் காட்டேஜ். அந்த ஏரியாவில் இன்னொருத்தரும் குடியிருக்கிறார்... கரடியார்!

இரண்டு நண்பர்களும் கரடியும் கதை ஞாபகம் இருக்கிறதா? மரத்தில் ஏறியவன் தப்பித்தான், செத்தவன் மாதிரி கிடந்தவனும் தப்பித்தான். நம்மூர்க் கரடியிடம் முதல் ஆசாமி காலி! தேனுக்காக அசால்ட்டாக மரமேறுகிற பிராணி அது. ஓட்டப் பந்தயத்திலும் நமக்கு சான்ஸ் இல்லை.

இத்தனைக்கும் அது நம்மைத் தின்ன வருவதில்லை, ஸார். கரையான், எறும்பு, தேன், பழம்... இதுதான் மெனு. கரையானை உறிஞ்சத் தோதாக மேல்வரிசை முன்பற்களில் இரண்டு கிடையாது. மோப்பம் பிரமாதம், கண்ணும் காதும் சுமார். புற்றில் மூக்கை நுழைத்து 'சர்ர்'ரென்று இழுக்கும்போது நாம் வருவதே அதற்குத் தெரியாது. திடீரென்று பத்தடியில் மனுஷனைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பாய்கிறது, பெரும்பாலும் முகத்தைக் குறிவைத்து. குட்டியை முதுகில் சுமக்கும் தாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் பக்கம் பைக்கில் போனவரைக் கரடி கடித்துக் குதறியது. காப்பாற்ற ஓடியவர்களையும் விடவில்லை. மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விட்டார்கள். அந்தக் கரடியும் செத்துப் போனது.

ஆக, சத்தம்தான் நமக்குக் காவல். இருட்டில், காதில் ஹெட்போனோடு தனியாக வாக்கிங் போகாதீர்கள். நாலு பேராக, டார்ச் அடித்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போங்கள். (சூப்பர்வைசரைப் பற்றி ஆரம்பித்தால் ரெண்டு கிலோமீட்டர் தாங்கும்!) தூரத்தில் கண்டால் மெதுவாகப் பின்வாங்குங்கள். செல்ஃபி ஆசை வேண்டாம். பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும். 'திருப்பி அடி' என்பது அமெரிக்கக் கருங்கரடிக்குச் சொன்ன யோசனை. இங்கே எடுபடாது.

இன்னொன்று, எச்சில் இலை. கோவில் விளக்கு எண்ணெயைத் தேடியே ஊருக்குள் வருகிற மோப்பத்துக்கு, பிரியாணி மிச்சம் எம்மாத்திரம்? பக்கத்துக் காட்டேஜ்காரர்கள் எலும்பைப் புதரில் வீசியதைப் பார்த்துவிட்டுக் கொழுந்து பறிக்கிற அம்மா ஒருத்தர் சொன்னார்: "நீங்க திங்கக்கிழமை போயிருவீங்க தம்பி. அது எங்க வாசலுக்குல்ல வரும்!"

எங்கள் வேனில் ஒரு சீட்டை குப்பை மூட்டைக்கு ஒதுக்கிவிட்டோம். மேட்டுப்பாளையம் வரை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கிறது.

கரடியைக் கிட்டத்தில் பார்த்தே தீரணுமா? ஒரகடத்திலிருந்து ஒரே ரோடு, வண்டலூர். செவ்வாய்க்கிழமை வீக்-ஆஃப்காரர்கள் மன்னிக்கணும்... அன்றைக்கு ஜூவுக்கும் லீவு!