ஏ.சி. ஃபியூஸ் எப்போது போகிறது?

கார் ஏ.சி. ஃபியூஸ் ஒரு முறை போனால் மாற்றிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். மாற்றியதும் போனால், அடுத்ததைச் சொருகும் முன் போனதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு நடுவில் உருகி, சுத்தமாக விட்டுப்போயிருந்தால் கரண்ட் அளவுக்குக் கொஞ்சம் மிஞ்சி, கொஞ்ச நேரம் ஓடியிருக்கும். பிளாஸ்டிக்கின் உட்புறம் கரி அப்பியிருந்தால் அநேகமாக நேரடி ஷார்ட்.

ஏ.சி.க்கு ஒரே ஃபியூஸ் என்று நினைக்க வேண்டாம். காற்றை வீசும் ப்ளோயருக்கு ஒன்று, முன்னால் இருக்கும் காண்டென்சர் ஃபேனுக்கு ஒன்று, கம்ப்ரஸர் கிளட்சுக்கு ஒன்று. எது எது என்று ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் போட்டிருப்பார்கள். காற்றே வரவில்லை என்றால் ப்ளோயர் பக்கம் பாருங்கள். மோட்டார் இறுகியிருக்கலாம், உள்ளே சருகு சேர்ந்திருக்கலாம். காற்று வருகிறது, குளிர்ச்சிதான் இல்லை என்றால் கிளட்ச் ஃபியூஸ். பல கார்களில் அது 10 ஆம்பியர், சிவப்பு நிறம். ஆளைக் குழப்புவது பெரும்பாலும் இதுதான்.

இன்ஜின் ஓடும்போது கம்ப்ரஸரின் புல்லி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். ஏ.சி. பட்டனை அழுத்தினால் கிளட்ச் காயில் காந்தமாகி முன்தகட்டை இழுத்துப் பிடிக்கும்; ‘டக்’ என்று கேட்பது அந்தச் சத்தம். காயிலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 3 முதல் 4 ஓம். 12 வோல்ட்டுக்கு 3, 4 ஆம்பியர்தான் இழுக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடியிருக்கிறது. “கேஸ் அதிகமா ஏத்திட்டாங்க, லோடு தாங்காம ஃபியூஸ் போகுது” என்று பட்டறையில் சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்ரஸரின் லோடைச் சுமப்பது பெல்ட். கம்ப்ரஸர் திணறினாலும் திணறாவிட்டாலும் காயில் இழுக்கும் கரண்ட் ஒன்றுதான். கம்ப்ரஸர் இறுகிப்போனால் பெல்ட் கீச்சிடும், கிளட்ச் வழுக்கிச் சூடாகும். அந்தச் சூட்டில் காயில் கருகினால்தான் விஷயம் ஃபியூஸ் வரை வரும்.

இனி, எப்போது போகிறது என்று கவனியுங்கள். பட்டனை அழுத்திய நொடியே போனால் காயில் ஷார்ட், இல்லையென்றால் காயிலுக்கு இணையாக இருக்கும் டயோடு ஷார்ட். கிளட்ச் விடும்போது காயில் திருப்பியடிக்கும் மின்னழுத்தத்தை அடக்கத்தான் இந்தச் சின்ன டயோடு. சில கார்களில் வயரோடு சேர்த்து டேப் சுற்றியிருப்பார்கள், அதனால் கண்ணில் படாது. பத்து, பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு போனால் காயிலின் மேல் சந்தேகம்: சூடேறியதும் உள்சுற்றுகளின் இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போதோ போனால் எங்கோ வயர் தேய்ந்து பாடியில் உரசுகிறது. எலி கடித்ததாகவும் இருக்கலாம்; வண்டி பல நாள் நின்றிருந்தால் அதை முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் புது ஃபியூஸைப் பலி கொடுக்க வேண்டாம். எலக்ட்ரீஷியன்கள் ஃபியூஸின் இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை வயர் போட்டு மாட்டுவார்கள். 55 வாட் பல்பு ஐந்து ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் எதுவும் கருகாது. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளியே வையுங்கள்; ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. மங்கலாக எரிந்தால் காயில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, அது சரி. முழுசாக எரியும்போது இன்ஜினை நிறுத்தி, கம்ப்ரஸரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பல்பு அணைந்தால் கோளாறு காயிலில். அணையாவிட்டால் வயரிலோ டயோடிலோ. ஹார்னஸைத் துண்டு துண்டாக அசைத்துப் பார்த்தால், ஓரிடத்தில் பல்பு கண்சிமிட்டும்.

காயிலை மல்டிமீட்டரில் அளந்தும் பார்க்கலாம். ஆறியிருக்கும்போது ஒரு முறை, ஏ.சி. ஓடிச் சூடான உடனே இன்ஜினை நிறுத்தி இன்னொரு முறை. நல்ல காயில் சூட்டில் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஒரு ஓம் பக்கம் இறங்கினால் கெட்டுவிட்டது.

10 போகிறதே என்று 20 போடாதீர்கள். ஃபியூஸ் தாங்கும், அடுத்து உருகுவது வயர். கிளட்சே இல்லாத கம்ப்ரஸர் வரும் புதிய கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடவே கூடாது.

கோளாறு காயிலில்தான் என்று தெரிந்ததும், “கம்ப்ரஸரையே மாத்தணும்” என்ற பேச்சு வரும். கிளட்சும் காயிலும் கம்ப்ரஸருக்கு வெளியே முன்புறம் இருப்பவை. பல மாடல்களில் கேஸைத் திறந்துவிடாமலே காயிலை மட்டும் மாற்றலாம். தனியாகக் கிடைக்குமா என்று உதிரிபாகக் கடையில் கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். மாற்றும்போது டயோடையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், விலை சொற்பம்தான்.