திருச்சி ரேடியோவும் குறுவை நெல்லும்

சென்னை மாகாணத்தில் ரேடியோ முதன்முதலில் பட்டணத்துப் பொழுதுபோக்காகவே வந்தது. 1924-இல் சென்னையில் ஒரு ரேடியோ சங்கம் தோன்றியது. 1930 முதல் நகரசபையே ஒலிபரப்பு நடத்தியது. 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் ஏற்பட்டது. அதன் மத்திய அலைக் கருவியின் சக்தி கால் கிலோவாட்டுதான்; நகரத்தாருக்கு அது போதும், காவிரிக்கரைக் குடியானவருக்கு எட்டாது. சிற்றலையோ தொலைவு செல்லுமாயினும் ஏறியும் இறங்கியும் கேட்கும்.

இக்குறையைத் தீர்க்கவே 1939 மே 16-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி நிலையம், அப்போது மாகாணப் பிரதம மந்திரியாயிருந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரால் திறந்து வைக்கப்பட்டது. அதன் மத்திய அலைக் கருவி 5 கிலோவாட், அதாவது சென்னையினுடையதைப்போல் இருபது மடங்கு. 1947-இல் சுதந்திர இந்தியாவுக்குக் கிடைத்த நிலையங்கள் ஆறே. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லட்சுமணபுரி ஆகிய ஐந்தும் தலைநகரங்கள். திருச்சி ஒன்றே அவ்வாறு அல்லாத ஊர்.

நமது மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. மத்திய அலை பகலில் பூமியை ஒட்டியே செல்வது. வறண்ட பாறை நிலம் அதை விரைவில் விழுங்கிவிடும்; ஈரமான களிமண்ணில் அது நெடுந்தூரம் போகும். நீர் நின்ற வயல்கள் பரந்து கிடக்கும் டெல்டாவைவிட அதற்கு ஏற்ற பாதை அரிது. வண்டலைக் கொண்டுவந்து சேர்த்த காவிரி, ஒலிக்கும் வழி போட்டு வைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஒலி எட்டினாலும் பெட்டி வேண்டுமே! அந்நாளில் ஆண்டுக்கு லைசென்ஸ் கட்டணமே 10 ரூபாய். ஆகையால் சாவடியிலும் பஞ்சாயத்துக் கட்டிடத்திலும் வைக்கப்பட்ட பொதுப் பெட்டிதான் பல கிராமங்களுக்குக் கதியாயிற்று. மின்சாரம் வராத ஊர்களில் பாட்டரி தீர்ந்தால் பெட்டி ஊமையாகிவிடும். டிரான்ஸிஸ்டர் பெட்டி பரவிய பிறகே உழவர் அதை வரப்பில் வைத்துக்கொண்டு கேட்கலானார்.

இந்நிலையத்தின் வார்த்தைக்கு வந்த பெரிய சோதனை 1960-களின் நடுவில் நேர்ந்தது. 1960-இல் தஞ்சை ஜில்லாவில் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கியிருந்தது. 1922-இல் நிறுவப்பட்ட ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஏ.டி.டி. 27 என்னும் ரகம் வெளிவந்தது. ஜப்பானிய நெல்லாகிய நோரின் 10-ஐயும், நமக்கு வெகுகாலமாய்ப் பழக்கமான ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி உண்டாக்கியது அது. வயது ஏறக்குறைய 105 நாள். இரசாயன உரத்தை ஏற்று விளையும் தன்மையுள்ளது. அதன் நாற்றங்கால், உரமிடும் தருணம், பூச்சித் தடுப்பு ஆகியவற்றைத் திருச்சி ரேடியோ பருவந்தோறும் எடுத்துரைத்தது. இரண்டொரு பருவங்களில் குறுவை வயல்களில் பெரும்பகுதி அந்நெல்லாயிற்று. எண்ணும் எழுத்தும் சேர்ந்த அதன் பெயரை யாரும் நினைவில் கொள்ளவில்லை. "ரேடியோ நெல்" என்றே வழங்கினார்கள். ஒரு பயிருக்கு ஒலிபரப்பின் பெயரே வாய்த்தது, இலாகாக்காரனாகிய என் மனத்தில், எந்தப் பரிசைக் காட்டிலும் பெரிது.

ஆனால் பெயர் வாய்த்தால் பழியும் வரும். அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் ஏ.டி.டி. 27 கதிரிலேயே முளைத்துவிடும். விதை உறக்கம் அதற்குப் போதாது. ஈர நெல்லை உலர்த்தக் களம் இல்லாமல் மிராசுதார்கள் பட்ட பாட்டை முதியோர் இன்றும் சொல்லுகிறார்கள். நட்டு விளைவிப்பதைக் கற்பிக்கும் பேச்சு, அறுத்து உலர்த்துவதையும் அதே அளவு கற்பிக்க வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று.

அடியேனும் ஒரு முறை ரேடியோவில் பேசப்போய்க் குட்டுப்பட்டேன். வாய்க்கால் தலைப்புக்குப் பொருந்தும் நாற்றங்கால் தேதியை, எங்கும் பொருந்துவதுபோல் கூறிவிட்டேன். கடைமடைப் பெரியவர் ஒருவர் சந்தையில் என்னை நிறுத்தி, "ஐயா, நீங்கள் சொன்ன தேதியில் எங்கள் வாய்க்காலில் நண்டுதான் ஓடிற்று, தண்ணீர் ஓடவில்லை" என்றார். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைச் செய்தியில் கேட்டுக் கணக்குப் பார்த்தே விதைவிடுபவர் அவர். அந்நாள் முதல், எந்த வாய்க்கால், தலைப்பா கடைமடையா என்று கேட்காமல் நான் தேதி சொல்லுவதில்லை.

1966-இல் அகில இந்திய ரேடியோ பண்ணை இல்ல ஒலிபரப்புக்கெனத் தனிப் பிரிவுகளை ஏற்படுத்தத் தொடங்கியது. விவசாயப் பேச்சு ஒப்புக்குச் சொல்லும் நிலை அதனால் மாறிற்று. இன்று கைப்பேசியில் எத்தனையோ யோசனைகள் வந்து குவிகின்றன. அவை எந்த மண்ணைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. பக்கத்து ஊர் நிலையத்தின் பயன் அங்கேதான் இருக்கிறது.

பயிர்ச் சந்தேகம் எழுதியனுப்பும் வாசகர்கள் ரகத்தின் பெயர், விதைவிட்ட தேதி, நட்ட தேதி, ஆற்றுப் பாசனமா கிணற்றுப் பாசனமா என்பது, இதுவரை இட்ட உரம் ஆகியவற்றைத் தவறாது குறிப்பிடுக. "பயிர் மஞ்சளாயிருக்கிறது" என்று மட்டும் எழுதினால் யாராலும் பதில் சொல்ல இயலாது. நோய் கண்ட இலையை ஈரத்துடன் உறையிலிட்டு அனுப்பாதீர்கள். வந்து சேருமுன் அழுகிவிடுகிறது.