சகரியாவின் மௌனமும் திருவருகைக் காலமும்

திருச்சபையின் ஆண்டு சனவரி முதல் நாளில் தொடங்குவதில்லை. நவம்பர் 30-ஆம் நாளாகிய பரிசுத்த அந்திரேயா திருநாளுக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறன்று அது தொடங்குகிறது. அன்று முதல் கிறிஸ்து பிறப்புத் திருநாள் வரை நான்கு ஞாயிறுகளைக் கொண்ட பருவத்தையே திருவருகைக் காலம் அல்லது அட்வெந்து என்கிறோம். நம் சபைகள் பலவற்றில் இன்று இது கிறிஸ்மஸுக்கான ஒத்திகைக் காலமாகிவிட்டது. பாடகர் குழுவின் பயிற்சி, வீடு வீடாய்ச் செல்லும் கீத பவனி, ஓய்வுநாள் பள்ளியின் நாடகம், விளக்கலங்காரம் ஆகியவற்றுள் எதுவும் தீயதன்று. எனினும், ஆலயத்திற்குள் வந்து சற்றே அமைதியாய் அமர விரும்புவோருக்கு இந்நான்கு வாரங்களில் இடமில்லாமற் போகிறது. அவ்விடத்தை உண்டாக்கித் தருவது யார் பொறுப்பு என்பதையே இங்கு நாம் ஆராய விரும்புகிறோம்.

இப்பருவம் தொடக்கத்தில் இவ்வாறு இருந்ததன்று. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலியா நாட்டுத் தூர் நகரின் பேராயராயிருந்த பெர்ப்பேத்துவு, மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் உபவாசம் நியமித்தார் என்று, அவருக்குப்பின் அதே பீடத்தில் அமர்ந்த கிரகோரியார் எழுதிவைத்துள்ளார். ஊதா நிறம் இன்றும் இப்பருவத்திற்குரியதாயிருப்பது அம்மனந்திரும்புதலின் அடையாளமே. சபை எதிர்நோக்கியது பெத்லகேமின் பாலகனை மட்டுமன்று. நியாயந்தீர்க்க வரும் ஆண்டவரையும் எதிர்நோக்கியது. வருகை மெழுகுவர்த்திகளோ மிகப் பிந்திய வழக்கம். 1839-இல் ஹம்பர்க் நகரில் விக்கர்ன் என்னும் லுத்தரன் இறையியலாளர், தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைச் சிறுவர்கள் நாட்களை எண்ணிக் காத்திருக்கும்படி ஒரு சக்கரத்தின்மேல் அவற்றை ஏற்றிவைத்தார். காத்திருக்கக் கற்பித்த அக்கருவியும் நம்மிடையே அலங்காரப் பொருளாகிவருகிறது.

காத்திருத்தல் எங்கே தொடங்குகிறது என்பதை லூக்கா தெளிவாகக் காட்டுகிறார். அவருடைய நற்செய்தியின் முதல் நிகழ்ச்சி ஆலயத்தில் நடைபெறுகிறது. தூபங்காட்டும் வேளையில் மக்கள் வெளியே மன்றாடிக்கொண்டிருக்கின்றனர். உள்ளே நிற்பவர் முதிர்ந்த ஆசாரியர் ஒருவர். அவர் வெளியே வந்து ஆசீர்வாதம் கூறுவார் என மக்கள் காத்து நிற்கின்றனர். வந்தவரால் பேச இயலவில்லை, சைகையே காட்டுகிறார். ஆசாரியரின் பேச்சு நின்றுபோன நிலையில்தான் மேசியாவின் வரலாறு தொடங்குகிறது! சகரியாவின் மௌனத்தை அவநம்பிக்கைக்குரிய தண்டனை என்றளவில் விளக்கி முடித்துவிடுகிறோம். அது தண்டனைதான், ஆயினும் அதற்குள் ஓர் அருளும் உண்டு. அவரைக் குறிக்க லூக்கா ஆளும் கிரேக்கச் சொல் ஊமையையும் செவிடரையும் ஒருங்கே சுட்டும். மற்றவர்கள் அவரிடம் சைகையால் பேசியதாகவும் வாசிக்கிறோம். யோவான் பிறந்து பெயரிடப்படும்வரை அம்மௌனம் நீடித்தது. பின்பு அவர் வாய் திறந்தபோது பிறந்ததே நம் காலை ஆராதனையில் இடம்பெற்றுள்ள சகரியாவின் கீதம். இருளில் இருப்போர்க்கு உன்னதத்திலிருந்து விடியல் வரும் என்னும் அறிவிப்பு, பல மாதங்கள் பேசாதிருந்த ஒரு குருவின் வாயிலிருந்து வந்தது. ஒவ்வொரு வருகையின் ஞாயிறிலும் இரண்டு அல்லது மூன்று முறை பிரசங்கிக்கும் நாம் இதைச் சற்று நின்று சிந்திப்பது நலம்.

ஆறுதலைப்பற்றியும் ஒரு சொல். இப்பருவத்தில் வாசிக்கப்படும் ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் ஆறுதல் கட்டளை, எபிரேய மூலத்தில் பன்மை ஏவலாக உள்ளது. தேறுதல் அடையுங்கள் என்பதன்று அதன் பொருள், தேற்றுங்கள் என்பதே. எருசலேமின் இருதயத்தோடு பேசுங்கள் என்பது அடுத்த சொல்லின் நேர்ப்பொருள். சிறையிருப்பில் அனைத்தையும் இழந்தோரிடம் உரத்த குரலில் பேசி இருதயத்தை எட்ட முடியாது.

நம் நாட்டில் இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. தமிழகக் கரையில் திருவருகைக் காலம் புயல் மழைக் காலமாகவும் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடி அழிந்தது வருகையின் நான்காம் வாரத்தில். 2015-இல் வருகையின் முதல் ஞாயிறு கழிந்து இரண்டே நாளில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2023-இல் மூன்றாம் ஞாயிறாகிய டிசம்பர் 17 தொடங்கிப் பெய்த மழை, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. ஆயிற்று, நெல்லை, தூத்துக்குடி மாவட்டச் சபையார் அவ்வாண்டுத் திருநாளைச் சேறு படிந்த வீடுகளில் எதிர்கொண்டனர். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களின் குடும்பத்தார்க்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் துக்க மாதமே. செய்தித்தாளில் இடம்பெறாத சாவுகளோ எத்தனை! இத்தகையோர் கீத ஆராதனையின் நடுவே எழுந்து வெளியேறுவதை ஆயர் எவரும் கவனித்திருக்கக்கூடும். அவர்கள் மகிழ்ச்சியை வெறுப்பவர்களல்லர். அழுவதற்கு ஆலயத்தில் ஓரிடம் தேடுகிறவர்கள்.

ஆகவே அமைதியை உண்டாக்கும் பொறுப்பு முதலாவது குருவுக்கே உரியது. திருமறைப் பாடம் வாசிக்கப்பட்டபின் இரண்டு நிமிடம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு எதுவும் பேசாதிருக்கலாம். முதல் ஞாயிறன்று சிலர் இருமுவர், குழந்தை அழும், இசைக்கருவி வாசிப்பவர் ஏதோ தவறிவிட்டதென்று எண்ணி இசைக்கத் தொடங்குவார். அவருக்கு முன்னதாகவே சொல்லிவைப்பது நன்று. மூன்றாம் ஞாயிறளவில் சபையார் பழகிவிடுவர். வாரத்தில் ஒரு மாலை, பாடலும் உரையும் இன்றி, பலிபீடத்தருகே ஒரு விளக்கை மட்டும் ஏற்றி ஆலயத்தைத் திறந்து வைக்கலாம். ஆயர் முன்னே நில்லாமல் பின் இருக்கை ஒன்றில் அமர்ந்திருக்கட்டும். வந்தவர் பேச விரும்பினால் அருகில் வருவார். வேலை முடிந்து வருவோரை எண்ணினால் ஆறு மணியைவிட ஏழு மணியே ஏற்றது. அன்றொரு நாள் பாடகர் குழுவின் பயிற்சியைப் பள்ளிக் கட்டடத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.